குறையில்லாத கல்யாணம்

"அந்தக் கல்யாணத்துல ஏதாச்சும் குறை இருந்துச்சாம்மா?" என்று வக்கீல் பன்னீர்செல்வம் என்னைக் கேட்டார்.

எனக்கு அப்போது பதினாறு வயது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்திலிருந்து நின்றுவிட்டவள். பெரியவர்கள் எதைக் கேட்டாலும் கால் கட்டைவிரலைப் பார்ப்பதுதான் என் பதில். வக்கீல் விடுகிறவராக இல்லை. மேளக்காரர்கள் நேரத்துக்கு வந்தார்களா, புரோகிதர் மந்திரத்தை விழுங்காமல் சொன்னாரா, மாலை அறுந்து விழுந்ததா, சாம்பார் பாதியில் தீர்ந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். குறை ஒன்றும் இல்லை என்று நான் தலையை ஆட்ட ஆட்ட அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. கடைசியில் மேசையைத் தட்டினார்.

"பிரமாதம். இவ்ளோ நல்லா நடந்த கல்யாணத்த நான் கேள்விப்பட்டதே இல்ல. ஆளு இனிமே தப்ப முடியாது."

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உண்ணாமலை அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவ்வளவு நன்றாக நடந்தது அவளுடைய புருஷனின் கல்யாணம்.

அக்கா என் கூடப் பிறந்தவள். உத்திரமேரூருக்குத் தெற்கே எங்கள் வீட்டோடுதான் இருந்தாள். அவள் புருஷன் கேசவன் மாமா வாலாஜாபாத் பக்கம் ஒரு நெல் மில்லில் மோட்டார் பார்த்தார். சனிக்கிழமை வருவார், திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போவார். எமர்ஜென்சி முடிந்த அடுத்த வருஷம் சனிக்கிழமைகள் குறைந்தன. ஓவர்டைம் என்றார். ஓவர்டைமின் பெயர் அம்முலு, அதே மில்லின் களத்தில் நெல் காய வைக்கிறவள், ஊர் தென்னேரி, வைகாசியில் முகூர்த்தம் என்பதெல்லாம் பஸ் கண்டக்டர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

போய் நிறுத்தலாமா என்று அக்காவைக் கேட்டேன்.

"நிறுத்திட்டா அவ இன்னா பொடவ கட்டினா, எவ்ளோ ஜனம் வந்துதுன்னு எப்டிடி தெரியும்?" என்றாள்.

ஆகவே நிறுத்தப் போகவில்லை, பார்க்கப் போனோம். வாலாஜாபாத்தில் பஸ் மாறும்போது அக்கா பாத்திரக் கடைக்குள் நுழைந்து ஒரு எவர்சில்வர் குடம் வாங்கினாள். அதன் கழுத்தில் 'கேசவன் மனைவி உண்ணாமலை' என்று பெயர் வெட்டச் சொன்னாள். அதைக் கொண்டுபோய்ப் பந்தலில் மற்றப் பரிசுகளோடு வைத்தாள். அம்முலு தினமும் ஏரியில் தண்ணீர் மொள்ளும்போது அந்த எழுத்து அவள் இடுப்பில் உறுத்த வேண்டும் என்பது அவள் திட்டம். அம்முலுவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

பிறகு தலையில் முக்காடு போட்டுக்கொண்டு வாழைமரத்துக்குப் பின்னால் உட்கார்ந்தோம். அக்கா கல்யாணத்தில் இரண்டு பேர் மேளம் வாசித்தார்கள். இங்கே காஞ்சிபுரத்திலிருந்து மேள செட்டே வந்திருந்தது. அக்காவைக் கட்டும்போது மாமா நூல் வேட்டி கட்டியிருந்தார். இங்கே பட்டுக்கரை. எங்கள் ஜனத்தில் தாலியின் முதல் முடிச்சைத்தான் மாப்பிள்ளை போடுவார், மற்ற இரண்டையும் அவருடைய தங்கை போட வேண்டும். இங்கே மாமா மூன்றையும் தாமே போட்டார். "பாருடி அவசரத்த" என்று அக்கா என் தொடையைக் கிள்ளினாள். அந்த இடம் கன்றிப்போய்ப் பல நாள் இருந்தது.

பந்தலில் அரசங்கொம்பை நட்டு, பக்கத்தில் சுண்ணாம்பும் செம்மண்ணும் பூசிய பானைகளை அடுக்கி, மாப்பிள்ளையும் பெண்ணும் சுண்டு விரலைக் கோத்துக்கொண்டு அதை மூன்று முறை சுற்றி வருவது எங்கள் வழக்கம். அரசாணி சுற்றுவது என்பார்கள். அதையும் குறையில்லாமல் சுற்றினார்கள். பிறகு பந்தி. கல்யாணத்துக்கு வந்துவிட்டுச் சாப்பிடாமல் போனால் எங்கள் பக்கத்தில் சண்டைக்கு வந்ததாக அர்த்தம். நாங்கள் சண்டைக்குத்தான் வந்திருந்தோம் என்பது பாயசம் பரிமாறியபோது இரண்டு பேருக்கும் மறந்துவிட்டது.

ஊருக்குத் திரும்பியதும் அக்காவுக்கு ஜுரம். ஜுரம் விட்டதும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம்.

ஹெட் கான்ஸ்டபிள் ஏசுதாஸ் நல்ல மனிதர். எங்களை உட்காரச் சொன்னார். மாமா அடித்தாரா என்று கேட்டார். இல்லை என்றாள் அக்கா. நகையைப் பிடுங்கினாரா, வீட்டை விட்டுத் துரத்தினாரா, கெரசின் ஊற்றினாரா என்றும் கேட்டார். அதெல்லாம் இல்லை என்று தெரிந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"கோழி காணோம்னா நான் வருவேன். புருஷன் காணோம்னாலும் வருவேன். உன் புருஷன் காணாம பூடல, எங்க கீறான்னு உனக்கே தெரியுது. சும்மா கட்டிக்கினவன் மேல நான் இன்னாம்மா கேஸ் போடறது? நீ ஒண்ணு பண்ணு. போயி அவன்கிட்ட ஒரு வார்த்த சுருக்குனு பேசு. கை நீட்டுவான். ரத்தம் காயறதுக்குள்ள இங்க வந்துடு, மீதிய நான் பாத்துக்கறேன்."

அக்கா யோசித்துப் பார்த்தாள். மாமா கை நீட்டுகிறவர் இல்லை என்பதுதான் பெரிய தொல்லையாக இருந்தது. கட்டிக்கொண்ட குற்றத்துக்குப் போலீஸ் வராது, பாதிக்கப்பட்டவளே நேராகக் கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லி, ஏசுதாஸ் வக்கீல் பன்னீர்செல்வத்தின் முகவரியைக் கொடுத்தார்.

எந்த ஊர்க் கோர்ட்டு என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அதற்கும் ஒரு சம்மன் வரும்.

வக்கீல் முதல் நாள் எங்களுக்குச் சட்டத்தை விளக்கினார். சாப்பாட்டுக் கிளப்பில் சர்வர் இருப்பதைச் சொல்வது போல வேகமாகச் சொன்னார். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று விவாகரத்து. அது சிவில். அதற்குப் பெரிய கோர்ட்டுக்குப் போய், இந்த ஆள் எனக்கு வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இன்னொன்று கிரிமினல். அதற்கு இந்தக் கோர்ட்டிலேயே, இந்த ஆள் எனக்குத்தான் என்று சொல்ல வேண்டும். முதல் வழியில் போனால் நாலைந்து வருஷத்தில் விடுதலை கிடைக்கும்.

"யாருக்கு விடுதல?" என்று அக்கா கேட்டாள்.

"ரெண்டு பேருக்கும்தான். அப்புறம் அவன் யாரை வேணா முறைப்படி கட்டிக்கலாம்."

"முறைப்படி அவளக் கட்டிக்கறதுக்கு நான் நாலு வருஷம் கோர்ட்டுக்கு நடக்கணுமா?" என்று அக்கா கேட்டாள். வக்கீல் விவாகரத்துப் புத்தகத்தை மூடி, தடிமனான இன்னொரு புத்தகத்தை எடுத்தார்.

உனக்கு என்னதான் வேண்டும் என்று அவர் கேட்டபோது அக்கா தெளிவாகச் சொன்னாள். "அவரு ஜெயிலுக்குப் போக வாணாம் சார். நாலு பேரு எதிர்ல, அந்த அம்முலு காதுல வுழறாப்புல, அவ எனக்குப் பொண்டாட்டி இல்லன்னு அவரு வாயால சொல்லணும். எனக்கு அது போதும்."

வக்கீல் பயந்துபோனார். அப்படிச் சொல்லிவிட்டால் அவன் ஜெயித்துவிடுவான் என்றார். முதல் மனைவி இருக்கும்போது இரண்டாவது கல்யாணம் செய்தால்தான் குற்றம். அது கல்யாணம் என்று நாம்தான் நிரூபிக்க வேண்டும். நெருப்பு வளர்த்து, ஏழு அடி வைத்து, சாஸ்திரப்படி நடந்திருந்தால் ஏழு வருஷம் தண்டனை. அடிக்கு ஒரு வருஷம் என்று அக்கா கணக்குப் போட்டுக்கொண்டாள்.

"ஆறு அடி வெச்சிருந்தா ஆறு வருசமா சார்?"

"ஆறு அடின்னா ஒரு நாள் கூட இல்ல. அது கல்யாணமே இல்லம்மா. நாலு பேர் கூடி நின்னாங்க, அவ்வளவுதான். ஒழுங்கா பண்ணினவனைத்தான் சட்டம் தண்டிக்கும். அரைகுறையா பண்ணினவனை மன்னிச்சிடும்."

இதைச் சொல்லும்போது அவருக்குச் சட்டத்தின் மேல் இருந்த பெருமை முகத்தில் தெரிந்தது.

அதன் பிறகு அக்காவுக்குப் பயிற்சி தொடங்கியது. அம்முலுவின் கல்யாணத்தை எப்படிப் புகழ வேண்டும் என்று வக்கீல் சொல்லிக்கொடுத்தார். பெண் எப்படி இருந்தாள் என்று கேட்டார். கறுப்பாக, பல் நீட்டிக்கொண்டு என்றாள் அக்கா. அது தப்பு, லட்சணமாக இருந்தாள் என்று சொல்ல வேண்டும் என்றார். மேளம் காதைக் கிழித்தது என்றாள். மங்களமாக இருந்தது என்று திருத்தினார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு "லட்சணமா, லட்சணமா" என்று பல்லைக் கடித்தபடி மனப்பாடம் செய்தாள். பக்கத்து சீட்டுக்காரி, பெண் பார்த்துவிட்டு வருகிறீர்களா என்று என்னைக் கேட்டாள்.

வழக்கு எண் விழுந்து, சம்மன் போய், ஒருவழியாகக் கோர்ட்டுக்குப் போனோம். கோர்ட்டில் டவாலி என்று ஒருவர் சிவப்புப் பட்டை போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். அவர் நம் பெயரை மூன்று தரம் கூவுவார். நாம் அவர் மூக்குக்கு நேரே நின்றாலும் மூன்று தரம் கூவினால்தான் நாம் வந்ததாகக் கணக்கு. உள்ளே போய்க் கும்பிட்டால் மாஜிஸ்திரேட் காலண்டரைப் பார்த்து வேறொரு தேதியைச் சொல்வார். அதற்கு வாய்தா என்று பெயர். ஒரு தரம் மாஜிஸ்திரேட்டுக்கு லீவு. ஒரு தரம் எதிர் வக்கீல் ஆனந்தன் தம் புது ஸ்கூட்டருக்குப் பூஜை போட வேண்டும் என்று தேதி கேட்டார். பன்னீர்செல்வம் சைக்கிளில் வருகிறவர். அவர் ஆட்சேபித்ததால் இரண்டு தேதி தள்ளிப்போனது.

வராந்தாவில் இருந்தது ஒரே பெஞ்சு. அதன் ஒரு முனையில் நாங்கள், இன்னொரு முனையில் அம்முலு. மாமா தூரத்தில் வேப்பமரத்தடியில் நின்று பீடி பிடிப்பார். எந்தப் பக்கம் பார்த்தாலும் வம்பு என்பதால் மரத்தையே பார்ப்பார்.

அம்முலு மனைவி மாதிரித் தெரியக்கூடாது என்று ஆனந்தன் உத்தரவு. பூ வைக்கக்கூடாது, மெட்டி போடக்கூடாது, தாலியை ரவிக்கைக்குள் விட்டுக்கொள்ள வேண்டும். அக்கா நல்ல குடும்பப் பெண்ணாகத் தெரிய வேண்டும் என்று பன்னீர்செல்வத்தின் உத்தரவு. ஆகவே அக்கா தலை நிறையக் கனகாம்பரமும் நெற்றியில் பெரிய குங்குமமுமாகப் போனாள். புதுப் பெண் யார், பழைய பெண் யார் என்று தெரியாமல் டவாலியே குழம்பினார். அன்று அக்காவுக்கு ரொம்ப சந்தோஷம். அம்முலு எழுந்து தண்ணீர் குடிக்கப் போனபோதுதான் அக்கா அவளுடைய மேடிட்ட வயிற்றைப் பார்த்தாள். அக்காவுக்குக் குழந்தை இல்லை. வீட்டுக்கு வந்ததும் கனகாம்பரத்தை எடுத்து மாட்டுக்குப் போட்டாள்.

அடுத்த வாய்தாவில் அக்கா வக்கீலைத் தேடிப் போயிருந்தபோது அம்முலு பெஞ்சில் என் பக்கம் நகர்ந்து வந்தாள். யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, "உங்க அக்காவுக்கு நாத்தனார் முடிச்சு போட்டாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவள் முகம் சின்னதாகிவிட்டது.

"எனக்குப் போட அவரு சைடுல ஒருத்தரும் வரல. மூணையும் அவரே போட்டுக்கினாரு. உங்க அக்கா குடுத்து வெச்சவங்க."

அக்காவிடம் இதை அப்படியே சொன்னேன். "என் வயித்தெரிச்சலக் கொட்டிக்கறதுக்குன்னே சொல்றா" என்றாள்.

மழை எல்லாம் ஓய்ந்து பொங்கல் முடிந்தபிறகு அக்காவைக் கூண்டில் ஏற்றினார்கள். பன்னீர்செல்வம் கேட்டதற்கெல்லாம் அவள் பாடம் தப்பாமல் சொன்னாள். பெண் லட்சணமாக இருந்தாள், மேளம் மங்களமாக இருந்தது, புரோகிதர் மணி மணியாக மந்திரம் சொன்னார். ஒவ்வொரு புகழுக்கும் அவள் கூண்டின் கட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகத்தால் சுரண்டினாள். பிறகு ஆனந்தன் எழுந்தார்.

"பந்தியில சாப்பிட்டீங்களா?"

"சாப்ட்டேன்."

"பாயசம் எப்படி இருந்துச்சு?"

அக்கா பன்னீர்செல்வத்தைப் பார்த்தாள். இது பாடத்தில் இல்லை. "நல்லாதான் இருந்துச்சு" என்றாள்.

ஆனந்தன் கோர்ட்டைப் பார்த்துத் திரும்பினார். புருஷனின் கள்ளக் கல்யாணத்தில் எந்தப் பெண்ணாவது பாயசத்தை ருசித்துச் சாப்பிடுவாளா, அது கல்யாணமாக இருந்திருந்தால் அவளுக்குப் பாயசம் கசந்திருக்க வேண்டாமா என்று கேட்டார். மாஜிஸ்திரேட், பாயசம் இனித்தது என்று டைப் அடிக்கச் சொன்னார். அடுத்து ஆனந்தன் கை காட்ட, அம்முலு இடுப்பில் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தாள். குடத்தின் கழுத்தில் இருந்ததை ஆனந்தன் உரக்கப் படித்தார். கேசவன் மனைவி உண்ணாமலை. பரிசு கொடுத்து வாழ்த்திய பிறகு புகார் ஏது என்றார். குடத்தில் சீட்டு ஒட்டி, சான்றுப் பொருளாக எடுத்துக்கொண்டார்கள். மறு வாய்தாவுக்குப் போனபோது அதில் கோர்ட்டுக்குக் குடிதண்ணீர் வைத்திருந்தார்கள். இரண்டு வக்கீல்களும் அதிலிருந்துதான் குடித்துவிட்டுச் சண்டை போட்டார்கள்.

சண்டை நெருப்பைப் பற்றியது. பந்தலில் ஓமம் வளர்த்தார்களா என்று ஆனந்தன் கேட்டார். இல்லை, விளக்கு எரிந்தது என்றாள் அக்கா. விளக்கும் நெருப்புதான் என்றார் பன்னீர்செல்வம். அப்படியானால் மாமா அப்போது பிடித்த பீடியும் நெருப்புதானா என்றார் ஆனந்தன். பன்னீர்செல்வம் விடவில்லை. பந்தலுக்குப் பின்னால் சோறு வடித்த அடுப்பு பெரிய அடுப்பு, அதில் எரிந்தது சாட்சாத் அக்கினி பகவான், மணமக்கள் அந்தத் திசையைப் பார்த்துத்தான் நின்றார்கள் என்று வாதாடினார். சுயமரியாதைக் கல்யாணத்துக்குப் புதுச் சட்டம் வந்திருக்கிறதே, அதற்கு நெருப்பு வேண்டாமே என்றும் சொன்னார். புரோகிதர் உள்ளே வந்ததும் சுயமரியாதை வெளியே போய்விட்டது, நெருப்பு இல்லாததால் புரோகிதரும் வெளியே போய்விட்டார், மிச்சம் இருந்தது பாயசம்தான் என்றார் ஆனந்தன்.

மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த வழக்கு வந்ததிலிருந்து எனக்கே தூக்கம் இல்லை. என் கல்யாணத்தில் நான் எத்தனை அடி வைத்தேன் என்று என் வீட்டில் கேட்டேன். ஐந்து என்கிறாள். புகை கண்ணில் பட்டதால் சீக்கிரம் உட்கார்ந்துவிட்டேனாம். அதை மேற்கொண்டு விசாரிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்" என்றார். இரண்டு வக்கீல்களும் தலை குனிந்து வருத்தம் தெரிவித்தார்கள்.

ஆனந்தன் கடைசியாக ஒன்று கேட்டார். "உங்க கல்யாணத்துல நெருப்பு வளர்த்தாங்களா?"

"எங்க ஜனத்துல அதெல்லாம் இல்லீங்க. அரசாணி சுத்துவோம். எங்க அம்மாவும் அப்டித்தான் சுத்தினா."

"போதும்" என்று ஆனந்தன் உட்கார்ந்தார். பன்னீர்செல்வம் தலையில் கை வைத்துக்கொண்டார். ஏன் என்று அக்காவுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

அரசாணியை மூன்று சுற்றுச் சுற்றினால் அதற்குள் ஏழு அடி அடங்கியிருக்குமே என்று பன்னீர்செல்வம் ஒரு கடைசி முயற்சி செய்தார். மாஜிஸ்திரேட்டுக்கு அது நியாயமாகப் பட்டது. அரசாணியை அவர் பார்த்ததில்லை. நடந்து காட்டச் சொன்னார்.

பானைக்குப் பதிலாகக் குடத்தைத் தரையில் நடுவே வைத்தார்கள். மாப்பிள்ளைக்கு யார் என்று பார்த்தார்கள். டவாலி முன்வந்து பட்டையைச் சரிசெய்துகொண்டார். அக்கா கூண்டை விட்டு இறங்க மறுத்தாள். "வேற ஆம்பள கூட நான் எதுக்குங்க சுத்தணும்?" என்றாள். அதுவும் மாஜிஸ்திரேட்டுக்கு நியாயமாகப் பட்டது. எதிரியான மாமாவையே வரச் சொன்னார்.

மாமா வந்து அக்கா பக்கத்தில் நின்றார். அக்கா கூண்டை விட்டு இறங்கி அவருக்கு இடப்பக்கம் போனாள். யாரும் சொல்லவில்லை, மாமா பழக்கத்தில் அக்காவின் சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டார். இருவரும் குடத்தைச் சுற்றினார்கள். வக்கீல்கள் குனிந்துகொண்டு பின்னாலேயே அடிகளை எண்ணிக்கொண்டு போனார்கள். மாப்பிள்ளை அடியை எண்ணுவதா, பெண் அடியை எண்ணுவதா என்று இரண்டாம் சுற்றில் தகராறு வந்ததால் இன்னொரு முறை சுற்றச் சொன்னார்கள். அக்காவின் முகம் சிவந்திருந்தது. அவள் கல்யாணத்தன்று கூட நான் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. அம்முலு நிலைப்படியில் வந்து நின்றுகொண்டிருந்தாள். அவள் பார்த்தது அடிகளை அல்ல. கோத்திருந்த விரல்களை.

மூன்றாம் சுற்று முடிந்ததும் ஆனந்தன் கோர்ட்டைக் கும்பிட்டார். "கனம் கோர்ட்டார் இப்போது இவர்களுக்குக் கல்யாணம் செய்து வைத்தீர்களா?"

"இல்லையே" என்றார் மாஜிஸ்திரேட் பதறிப்போய்.

"பானையைச் சுற்றினால் கல்யாணம் என்றால், இப்போது இங்கே நடந்ததும் கல்யாணம். இது கல்யாணம் இல்லை என்றால், தென்னேரியில் நடந்ததும் இல்லை."

மாஜிஸ்திரேட்டுக்கு வேர்த்துவிட்டது. கல்யாணம் செய்து வைப்பது ரிஜிஸ்திரார் வேலை. அதைத் தாம் செய்ததாக மேலே தெரிந்தால் விளக்கம் கேட்பார்கள். குடத்தை உடனே மேசைமேல் எடுத்து வைக்கச் சொன்னார். மாமா விரலை விட்டார். பிறகு மாமாவைக் கூண்டில் ஏற்றி, மாஜிஸ்திரேட் தாமே கேள்வி கேட்டார்.

"அம்முலு என்பவர் உமக்கு யார்?"

மாமா ஆனந்தனைப் பார்த்தார். "மில் களத்துல நெல்லு காய வெக்கிற பொம்பளைங்க ஐயா."

"அவர் உம் மனைவியா?"

"இல்லீங்க ஐயா."

"பிறகு பந்தலில் என்ன செய்தீர்?"

"பானைய சுத்தினேங்க. எல்லாரும் சுத்துடான்னாங்க, சுத்தினேன்."

அம்முலுவின் வயிற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அந்தச் சட்டப் பிரிவில் அது வராது.

அக்கா இத்தனை மாதமாகக் காத்திருந்த வார்த்தை அதுதான். நாலு பேருக்கு எதிரில், அம்முலு காதில் விழ, மாமாவின் வாயாலேயே வந்துவிட்டது. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தன் சுண்டு விரலை இன்னொரு கையால் மூடிக்கொண்டு நின்றாள்.

அன்று மத்தியானமே தீர்ப்புச் சொன்னார்கள். மாஜிஸ்திரேட் எழுதியதைப் படித்தார். "இந்த நீதிமன்றம் திருமணத்தைப் பெரிதும் மதிக்கிறது. ஆகவே எதையும் சுலபத்தில் திருமணம் என்று ஏற்றுக்கொள்வதில்லை." இரண்டாவது கல்யாணம் மெய்ப்பிக்கப்படவில்லை. புகார்தாரரின் கல்யாணமும் அதே பானையைச் சுற்றி நடந்ததாக அவரே ஒப்புக்கொண்டதால் அதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை. எதிரி விடுதலை.

இப்போது என்னம்மா செய்வது, விவாகரத்துக்கும் வழி இல்லை, நடக்காத கல்யாணத்தை எப்படி ரத்து செய்வது என்று பன்னீர்செல்வம் வருத்தப்பட்டார். வேண்டுமானால் அப்பீல் போகலாம், மேல் கோர்ட்டில் மறுபடியும் அம்முலுவைப் புகழ வேண்டியிருக்கும் என்றார். அக்கா காதில் அது விழவில்லை. வேகமாக வராந்தாவுக்குப் போனாள். அம்முலுவின் முகத்தை அந்தச் சூட்டிலேயே பார்த்துவிட வேண்டும் என்றுதான் அப்படி ஓடினாள். நான் பின்னால் ஓடினேன்.

அம்முலு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மாமா வெளியே வந்தார். ஆனந்தன் அவர் முதுகில் தட்டி, "சட்டப்படி நீ இப்ப கல்யாணம் ஆவாதவன்யா, இனிமேயாவது ஜாக்கிரதையா இரு" என்று வாழ்த்திவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார். மாமா தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெஞ்சுப் பக்கம் வந்தார்.

"உள்ள சொன்னது கோர்ட்டுக்கு அம்முலு. வூட்டுக்கு அது கெடயாது. வக்கீலு சொல்லச் சொன்னாரு, சொன்னேன்." பிறகு அக்கா நிற்பதைப் பார்த்தார். "உனக்கும் அதேதான் உண்ணாமல. எதுவும் மாறல. வாங்க, கடையில நாஷ்டா துன்னுட்டு பஸ் ஏறலாம். பசியில எனக்குக் கண்ணு இருட்டிக்கினு வருது."

அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. அம்முலுவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் அவள் தேடி வந்தது இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அம்முலு அழவில்லை. பெஞ்சின் கட்டையைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைத் தாங்கி, மெதுவாக எழுந்தாள்.

"ஏ அம்முலு" என்றாள் அக்கா. அதுவரை அந்தப் பெயரை அவள் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. "வாயும் வயிறுமா கீற. வெயிலு தாழட்டும், உக்காரு."

மாமா ஆமாம் ஆமாம் என்று அவளுடைய துணிப் பையை எடுத்து வைத்துக்கொண்டார். அம்முலு கையை நீட்டினாள். அவர் தம் கையைத்தான் கேட்கிறாள் என்று நினைத்துக் கொடுக்கப் போனார். அவள் பையை வாங்கிக்கொண்டாள். செருப்பை மாட்டினாள். அக்காவுக்கும் மாமாவுக்கும் நடுவில் இருந்த இடைவெளி வழியாக இறங்கி, வேப்பமரத்தைத் தாண்டி, கோர்ட்டுக் கேட்டைத் தாண்டி, ரோட்டில் நடந்து போனாள்.